கழுத்து: இயல்பு

மேசைக்கு இதயம் கிடையாது. இருபத்தெட்டு வருஷம் டாக்டராகக் குப்பை கொட்டியவருக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனாலும் அன்றைக்குக் காலை பத்தேமுக்கால் மணிக்கு, ஒரு நோயாளி எழுந்து போய் அடுத்தவர் உள்ளே வருவதற்கு இடைப்பட்ட அரை நிமிஷத்தில், காதிலிருந்து கழற்றாமலே ஸ்டெதஸ்கோப்பின் வட்டத் தகட்டை மேசைமேல் வைத்தவருக்கு, மேசைக்குள் ஏதோ ஓடுவது கேட்டது.

ஷ்ஷ்... ஷ்ஷ்... ஷ்ஷ்.

தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் ரப்பர் குழாயை யாரோ காலால் மிதித்துக்கொண்டு நின்றால், மிதித்த இடத்தில் தண்ணீர் பிதுங்கிப் பிதுங்கிப் போகுமே, அந்த மாதிரி. ஏ.சி.யாக இருக்கும் என்று எழுந்து போய் அதை நிறுத்தினார். அறையில் ஸ்பிரிட் வாசனையும் ஸ்டாம்ப் மையின் வாசனையும் சட்டென்று கெட்டியாயின. சத்தம் நிற்கவில்லை. தன்னுடைய ரத்த ஓட்டம்தான் காதில் விழுகிறதோ என்று மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தார். அவருடைய நாடி தொண்ணூறில் ஓடியது. மேசைக்குள் இருந்தது அறுபதைத் தாண்டவில்லை. எந்த அவசரமும் இல்லாத ஆளுடைய நாடி அது.

"அடுத்த ஆளை அனுப்பட்டுமா சார்?" என்று நர்ஸ் எட்டிப் பார்த்தாள்.

"உனக்கு ஏதாவது சத்தம் கேக்குதாம்மா?"

"ஏ.சி. நின்னுபோச்சு சார். வேற ஒண்ணும் கேக்கல."

அவர் தலையாட்டிவிட்டு, ஸ்டெதஸ்கோப்பைச் சுருட்டி இழுப்பறைக்குள் வைத்தார். அன்றைக்கு மீதமிருந்த பதினேழு பேரையும் அது இல்லாமலே பார்த்து அனுப்பினார். ஒருவரும் அதைக் கவனிக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் அவருக்கு 'ஃபிட் டாக்டர்' என்று பெயர். முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர்தான். ஆனால் முகத்துக்கு நேரே சொன்னாலும் கோபித்துக்கொள்ள மாட்டார், கொஞ்சம் பெருமைகூட உண்டு. ஆபரேஷனுக்கு நாள் குறித்தவர்கள் எல்லாரும் முதலில் அவரிடம் வரவேண்டும். இந்த உடம்பு மயக்கத்தையும் கத்தியையும் தாங்குமா என்று பார்த்து, தாங்கும் என்றால் 'ஃபிட்' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவது அவர் வேலை. ஒரு நாளைக்கு நாற்பது பேர். நாற்பது தடவை ஒரே ஆறு வரியை எழுதி விரல் வலிக்கிறது என்று ஒருநாள் ஆபீஸில் புலம்பினார். மறுவாரமே அவர்கள் ஒரு ரப்பர் ஸ்டாம்ப் செய்து கொடுத்துவிட்டார்கள். இதயம்: இயல்பு. நுரையீரல்: இயல்பு. வயிறு: இயல்பு. கழுத்து: இயல்பு. நரம்பு: இயல்பு. அறுவை சிகிச்சைக்கு ஃபிட்.

மை காய நேரம் வேண்டுமென்று நர்ஸ் காலையில் வந்ததும் வராததுமாக நாற்பது தாளிலும் குத்தி அடுக்கி வைத்துவிடுவாள். அதாவது, நோயாளி வீட்டில் பல் துலக்கிக்கொண்டிருக்கும்போதே இங்கே அவர் கழுத்து இயல்பாகிவிடும். ஏதாவது கோளாறு கண்ணில் பட்டால் அடித்துத் திருத்திக்கொள்ளலாம் என்பது ஏற்பாடு. கண்ணில் பட வேண்டுமென்றால் பார்க்க வேண்டும். கழுத்து விஷயத்தில் கேட்கவும் வேண்டும். மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் கழுத்தில் இரண்டு பக்கமும் ஓடுகிறது. உள்ளே கொழுப்புப் படிந்து குறுகியிருந்தால் தகட்டை அங்கே வைத்தவுடன் அது சொல்லிவிடும். எல்லா நேரமும் சொல்லாது என்றாலும், பல நேரம் சொல்லும். ஷ்ஷ்... ஷ்ஷ் என்று.

பஸ் டிரைவர் ஒருவர் வந்திருந்தார். அந்தக் காலைக்கு ஒரு மாதம் முன்பு. இடுப்பு மூட்டு தேய்ந்துபோய், மாற்றுவதற்கு நாள் குறித்திருந்தார்கள்.

"இடுப்பு மட்டும்தான் டாக்டர் மக்கர் பண்ணுது. மத்த பார்ட் எல்லாம் ஒரிஜினல்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அவர் மனைவி பக்கத்தில் நின்றிருந்தாள், அவளும் சிரித்தாள். சட்டைக்கு மேலேயே இரண்டு இடத்தில் தகட்டை வைத்து எடுத்தார் ஃபிட் டாக்டர். மொத்தம் இரண்டரை நிமிஷம்.

மயக்கத்தில் இருக்கும்போது ரத்த அழுத்தம் கொஞ்சம் இறங்குவது சகஜம். நல்ல குழாய் உள்ளவர்களுக்கு அது ஒன்றும் செய்யாது. ஏற்கெனவே நூலிழையாகக் குறுகிய குழாய் என்றால், அந்த இருபது நிமிஷ இறக்கத்தில் மூளையின் ஒரு பாதி தாகத்தில் செத்துப்போகும். டிரைவர் கண் விழித்தார், ஆனால் எழுந்திருக்கவில்லை. வேறு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே ஒரு சின்ன வயசு டாக்டர் அவர் கழுத்தில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துவிட்டு, "இதை முன்னாடி யாருமே கேக்கலையா?" என்று அந்த மனைவியிடம் கேட்டிருக்கிறான். இருபது வருஷம் உழைக்கும் என்று சொல்லி வைத்த புது இடுப்போடு, பத்தொன்பதாம் நாள் டிரைவர் இறந்துபோனார்.

அந்த அம்மாள் நேராக ஃபிட் டாக்டரின் அறைக்கு வந்தாள். கத்துவாள், மேசையைத் தட்டுவாள் என்று அவர் தயாராக இருந்தார். அவள் ஒரு கேள்விதான் கேட்டாள்.

"கழுத்துல வெச்சுப் பாத்தீங்களா டாக்டர்?"

"பாத்தேன்மா. தாள்லயே இருக்கு பாருங்க."

"நான் பக்கத்துலதான் நின்னேன். அவர் சட்டைல மேல் பொத்தானைக்கூட நீங்க கழட்டல."

அவர் அப்போது சொன்னதைத்தான் பிறகு நாற்பது நாளாக மென்று கொண்டிருந்தார். டாக்டர்கள் எல்லாரும் தவறாமல் சொல்லும் வாசகம் அது. "என் வீட்டு ஆளா இருந்தாலும் இப்படித்தான்மா பாத்திருப்பேன்."

"உங்க வீட்ல யாருக்கும் ஆபரேஷன் இல்லையே டாக்டர்?" என்றாள். சாபம் போலச் சொல்லவில்லை. நிஜமாகவே விசாரிக்கிற குரல்.

மறுநாளிலிருந்து அவர் அறைக்கு எதிரே தரைத்தள பெஞ்சில், மடியில் ஒரு பிளாஸ்டிக் ஃபைலோடு, ஒன்பது மணியிலிருந்து ஒரு மணி வரைக்கும் அவள் உட்கார ஆரம்பித்தாள். யாரிடமும் பேசுவதில்லை. செக்யூரிட்டி இரண்டு தடவை போய்ப் பார்த்துவிட்டு, "உக்காந்திருக்கறது தப்பில்லையே சார்" என்று திரும்பி வந்துவிட்டான்.

மேசைக்குள் சத்தம் கேட்க ஆரம்பித்தது அந்த வாரம்தான்.

பிறகு அது மேசையோடு நிற்கவில்லை. லிஃப்ட்டின் தகரச் சுவரில் தோள் சாய்த்தபோது தோளுக்குள் ஏறியது. கை கழுவும் தொட்டியில் குழாயை மூடிய பிறகும் ஓடியது. கார் சீட்டின் தலையணையில், சிக்னலில் நிற்கும்போது, பின்மண்டைக்குப் பக்கத்தில். ஸ்டெதஸ்கோப்பே வேண்டியிருக்கவில்லை. எங்கே தலையை வைத்தாலும் அந்த இடத்துக்கு ஒரு கழுத்து இருந்தது. காது டாக்டரிடம் காட்டினார். "வயசாகுது சார், நமக்கும்தான்" என்று அவர் முதுகில் தட்டி அனுப்பினார்.

வீட்டில் ஒன்றும் சொல்லவில்லை. மனைவி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். முப்பது வருஷமாகப் பிள்ளைகளின் பொய்யைக் கண்ணைப் பார்த்தே கண்டுபிடிக்கிறவள். டிரைவர் விஷயத்தை அவளிடம் சொல்ல ஆரம்பித்தால், முதல் கேள்வியே 'கழுத்துல வெச்சீங்களா, இல்லையா?' என்று வரும். அதற்குப் பயந்துகொண்டு மனுஷன் இரண்டு மாதமாக வாயில் பூட்டைப் போட்டுக்கொண்டு இருந்தார்.

அவளுக்கும் ஒரு ஆபரேஷன் இருந்தது.

இடது தோளில் தசைநார் கிழிந்து எட்டு மாதமாக அவதி. கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியாது, பின்னால் கொண்டுபோய்த் தலைமுடியைக் கட்ட முடியாது, அந்தப் பக்கம் திரும்பிப் படுக்க முடியாது. பள்ளி லீவுக்குள் முடித்துவிட வேண்டுமென்று புதன்கிழமைக்கு நாள் வாங்கியிருந்தாள். டிரைவர் சாவதற்கு ரொம்ப முன்பே வாங்கிய நாள் அது. நோயாளியை உட்கார்ந்த நிலையில் சாய்த்து வைத்துச் செய்யும் ஆபரேஷன். தலை மேலே, இதயம் கீழே. அழுத்தம் சற்று இறங்கினாலும் ரத்தம் மேலே ஏறத் திணறும். இது எல்லா டாக்டருக்கும் தெரியும். ஃபிட் டாக்டருக்கு இன்னும் நன்றாகத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். ஜன்னல் திரை பாதி இழுத்திருந்தது. அலமாரியின் நிழல் கட்டில் விளிம்பில் மடிந்து கிடந்தது. வலி எண்ணெயின் நெடி அறை முழுக்க. வெளியே யாரோ வண்டியைத் துடைக்கிறார்கள், வாளி நகரும் சத்தம். அவர் திருடனைப் போலக் கால் விரலில் நடந்து, ஸ்டெதஸ்கோப்பைக் காதில் மாட்டி, தகட்டை உள்ளங்கையில் வைத்துத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு, கட்டில் பக்கத்தில் மண்டியிட்டார். எத்தனை ஆயிரம் பேருக்கு ஃபிட் கொடுத்த மனுஷர். ஒரு கழுத்தைக் கேட்பதற்குத் தகட்டைச் சூடாக்கியது அன்றைக்குத்தான்.

இடது பக்கம் வைத்தார். மூச்சுக்காற்று போய்வந்தது. வேறொன்றும் இல்லை.

வலது பக்கம்.

ஷ்ஷ்... ஷ்ஷ்... ஷ்ஷ்.

உடனே எடுத்துத் தலையணையில் வைத்தார். தலையணையிலும் கேட்டது. கட்டிலின் மரத்தில் வைத்தார். கேட்டது. சுவரில், தண்ணீர் ஜக்கில், தன் முழங்காலில். எல்லா இடத்திலும் அதே சத்தம், அதே அவசரமில்லாத நடை. சரி, காதுதான் கெட்டுப்போயிருக்கிறது, இவள் கழுத்தில் ஒன்றுமில்லை என்று அவர் முடிவு கட்டினார். ஆனால் இடது கழுத்தில் ஏன் கேட்கவில்லை என்ற கேள்வி மிச்சமிருந்தது. அதை அங்கேயே விட்டுவிட்டு எழுந்தார்.

"என்னங்க பண்றீங்க?" தூக்கக் கலக்கத்தில் கேட்டாள்.

"ஒண்ணுமில்ல. கொசு."

"கொசுவுக்கு ஸ்டெத் வெச்சுப் பாக்கறீங்களா?" என்று கண்ணைத் திறக்காமலே சிரித்துவிட்டுத் திரும்பிப் படுத்தாள்.

சந்தேகத்தைத் தீர்க்க ஒரு ஸ்கேன் போதும். கழுத்தில் ஜெல்லைத் தடவி, ஒரு கருவியை ஓட்டினால் குழாயின் உள்பக்கம் படமாக வந்துவிடும். பத்து நிமிஷ வேலை. ஊசி இல்லை, வலி இல்லை. அவருடைய அறைக்கு நேர் மேலே, முதல் மாடியில் அந்த மிஷின் இருக்கிறது. திங்கட்கிழமை அவர் மாடிக்குப் போகவில்லை, தலைமை மருத்துவரின் அறைக்குப் போனார். ஆஸ்பத்திரி முழுக்க 'பெருசு' என்று சொல்லும் அந்த ஆள், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடியே கேட்டார்.

"எதுக்குய்யா இப்ப போய் கழுத்து ஸ்கேன்?"

"சும்மா, ஒரு திருப்திக்கு சார்."

"வெள்ளிக்கிழமை அந்த டிரைவர் சம்சாரம் குடுத்த புகார் மேல விசாரணை. நாம என்ன எழுதிக் குடுத்திருக்கோம்னு ஞாபகம் இருக்கா? அறிகுறி இல்லாதவங்களுக்கு ஆபரேஷனுக்கு முன்னாடி கழுத்து ஸ்கேன் தேவையில்ல, எங்க சொந்தக் குடும்பத்துக்கே நாங்க எடுக்கறதில்லைன்னு. கீழ கையெழுத்து யாருது?"

"என்னுதுதான்."

"புதன்கிழமை நீ உன் வீட்டுக்காரம்மாவுக்கு ஸ்கேன் எடுப்ப. கம்ப்யூட்டர்ல ஏறும். வெள்ளிக்கிழமை அவங்க வக்கீல் அதைக் கையில வெச்சுக்கிட்டு நிப்பான். உன் வேலை போகும், அது உன் பாடு. ஆஸ்பத்திரி பேரும் சேந்து போகும்."

"அப்ப என்ன சார் பண்றது?"

"தள்ளிப் போடு. அடுத்த வாரம் தாராளமா எடு, தலைலேருந்து கால் வரைக்கும் எடு. யார் வேணாம்னா?"

ஸ்கேன் எல்லாருக்கும் தேவையில்லை என்று எழுதியதில் பொய் இல்லை. உலகத்தில் பாதி ஆஸ்பத்திரிகளில் அப்படித்தான். ஆனால் பெஞ்சில் இருப்பவள் ஸ்கேனைப் பற்றிக் கேட்கவே இல்லை. பொத்தானைக் கழற்றினாயா என்றுதான் கேட்டாள். அந்தக் கேள்விக்கு ஆறு பக்கத்தில் பதில் எழுதி, ஆறு பக்கத்திலும் அதைத் தொடாமல் பூசி மெழுகியிருந்தார்கள்.

செவ்வாய்க்கிழமை காலை டீ குடிக்கும்போது ஆரம்பித்தார். "ஆபரேஷனை ஒரு பத்து நாள் தள்ளிப் போடலாமா?"

"ஏன்?"

"எனக்குக் கொஞ்சம் வேலை இருக்கு."

"தோள் என்னுது. உங்களுக்கு என்ன வேலை?"

"சும்மா சொல்றேன். அவசரம் இல்லையே."

அவள் கப்பைக் கீழே வைத்துவிட்டு, பிள்ளைகளைப் பார்ப்பது போல அவரைப் பார்த்தாள். "வெறும் விடையை மட்டும் எழுதினா நான் மார்க் போடமாட்டேன். எப்படி வந்துச்சுன்னு காட்டணும். காரணம் சொல்லுங்க, தள்ளிப் போடறேன்."

காரணம் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஒரு டிரைவர் இருந்தார் என்று தொடங்கினால் போதும். நாலு நிமிஷம் அவமானப்பட்டால் போதும். அவர் டீயைப் பார்த்தார். டீ கப்பின் விளிம்பில் உதட்டை வைத்தபோது அந்தச் சத்தம் பல்லுக்குள் இறங்கியது.

"ஒண்ணுமில்ல. நாளைக்கே வெச்சுக்கலாம்" என்றார்.

புதன்கிழமை.

பெஞ்சில் இருப்பவள் கண்ணில் படக்கூடாதென்று மனைவியைப் பின்வாசல் வழியாக அழைத்துவந்து, சரக்கு லிஃப்ட்டில் மூன்றாம் மாடிக்கு ஏற்றினார். சொந்த மனைவிக்குத் தானே ஃபிட் கொடுக்கக்கூடாது என்று விதி. ஜூனியர் ஒருவன் முந்தின சாயங்காலமே, பெஞ்ச் காலியான பிறகு, கொடுத்திருந்தான். ஃபைலைத் திறந்து பார்த்தார். அதே ஸ்டாம்ப். அதே ஆறு வரி. நாலாவது வரியில் மை கொஞ்சம் கசிந்திருந்தது.

"நல்லா பாத்தானா அந்தப் பையன்?" என்று மனைவியிடம் கேட்டார்.

"ரொம்ப மரியாதையான பையன். டீச்சர், டீச்சர்னு பேசிக்கிட்டே இருந்தான்."

"கழுத்துல ஸ்டெத் வெச்சானா?"

"கழுத்துல எதுக்கு வெக்கறாங்க?"

அட்டெண்டர் தள்ளுவண்டியை நகர்த்தினான். நீளமான நடை. சக்கரம் ஒன்று கிறீச்சிட்டது. டியூப் லைட்டுகள் அவள் முகத்தின் மேல் ஒன்றன்பின் ஒன்றாக ஏறி இறங்கின. லைசால் வாசனை. தியேட்டர் கதவுக்கு முன்னால் வண்டி நின்றது. பச்சைத் தொப்பியோடு மயக்க டாக்டர், சின்னப் பெண், வெளியே வந்தாள்.

"பயமா இருக்கா டீச்சர்?"

"பயமெல்லாம் இல்ல" என்றவள், இவர் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "ஒண்ணு சொன்னா திட்டமாட்டீங்களே? போன வாரம் ஒருநாள் காலைல, வலது கண்ணுல திடீர்னு திரை இறக்கினாப்ல ஆயிடுச்சு. ஒரு அஞ்சு நிமிஷம். அப்புறம் தானா சரியாயிடுச்சு. சொன்னா ஆபரேஷனைத் தள்ளிப் போடுவீங்கன்னு சொல்லல."

வலது கண். வலது கழுத்து.

கழுத்துக் குழாயிலிருந்து ஒரு துணுக்கு உடைந்து கண்ணுக்குப் போனால் அப்படித்தான் திரை இறங்கும். அடுத்த துணுக்கு மூளைக்குப் போகும். முதலாம் ஆண்டு மாணவனுக்குத் தெரிந்த பாடம். அறிகுறி இல்லாதவர்களுக்குத்தானே ஸ்கேன் தேவையில்லை. இதோ அறிகுறி.

நிறுத்துங்க என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். வாயைத் திறந்தார்.

"என்ன சார், வாசல்லயே நிக்கறீங்க?" என்று மயக்க டாக்டர் சிரித்தாள். "ஊருக்கே ஃபிட் குடுக்கற ஆளு, சொந்த வீட்டம்மாவை அனுப்ப பயப்படறீங்களா?"

அட்டெண்டர் சிரித்தான். மனைவி சிரித்தாள். அவரும் சிரித்தார். அந்தச் சிரிப்பு எங்கிருந்து வந்தது என்று அவருக்கே தெரியவில்லை. வெள்ளிக்கிழமை, வக்கீல், கையெழுத்து எல்லாம் அந்த ஒரு வினாடியில் மண்டைக்குள் ஓடியதென்னவோ உண்மை. கதவு திறந்தது, வண்டி உள்ளே போனது, கதவு மூடியது. இரண்டு பக்கமும் ஆடும் கதவு அது. பூட்டு கிடையாது. ஒரு விரலால் தள்ளினால் திறந்துவிடும். அவர் தள்ளவில்லை. தூ, இவனும் ஒரு மனுஷனா என்று தன்னையே காறித் துப்பிக்கொண்டு, அதே இடத்தில் நின்றார்.

பிறகு காத்திருக்கும் அறைக்கு வந்து சுவரோரம் நாற்காலியில் உட்கார்ந்தார். சுவரில் தலையைச் சாய்த்தார். ஷ்ஷ். ஷ்ஷ். ஷ்ஷ். கண்ணை மூடினார். இப்போது உள்ளே அவளை உட்கார வைத்திருப்பார்கள். தலையை ஒரு பட்டையால் கட்டியிருப்பார்கள். கத்தி வைக்கும் இடத்தில் ரத்தம் கசியாமலிருக்க அழுத்தத்தைக் கொஞ்சம் இறக்கியிருப்பார்கள். கொஞ்சம்தான். ஷ்ஷ். சத்தம் மெலிந்தது. ஷ். விசில் போலக் கூர்மையானது. ஷ்.

பதினொன்று பத்துக்கு நின்றது.

சுவரில் இல்லை. நாற்காலியில் இல்லை. எழுந்து போய் ஜன்னல் கண்ணாடியில் காதை வைத்தார். இல்லை. கதவில், மேசையில், குப்பைத் தொட்டியின் மூடியில்கூட. எங்கேயும் இல்லை. நாற்பது நாளுக்குப் பிறகு உலகம் வாயை மூடிக்கொண்டது. பாரம் இறங்கியது போல உடம்பு தளர்ந்தது. கடவுளே என்று நாற்காலியில் சரிந்தார். கண்ணில் நீர் வந்தது. எல்லாம் பிரமை, எல்லாம் முடிந்தது, அவள் வெளியே வந்ததும் டிரைவர் விஷயத்தை ஒன்று விடாமல் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தார். உடனே பசித்தது. கேன்டீனில் ரொட்டியும் டீயும் வாங்கிவந்து, பரீட்சை முடிந்த பையன் மாதிரி சாப்பிட்டார்.

இரண்டாவது ரொட்டியில் நின்றது வாய்.

குறுகிய குழாயில்தான் சத்தம் வரும். முழுக்க அடைத்துக்கொண்ட குழாயில் ஓடுவதற்கு ஒன்றுமில்லை. சத்தமும் இருக்காது.

மாணவர்களுக்கு அவரே எத்தனையோ தடவை கரும்பலகையில் வரைந்து காட்டியது.

தியேட்டருக்கு ஓடினார். ஆபரேஷன் முடிந்திருந்தது. சர்ஜன் முகமூடியை இறக்கிவிட்டுக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். "சூப்பரா தெச்சிருக்கேன். நடுவுல பி.பி. கொஞ்சம் விளையாடுச்சு, சரி பண்ணிட்டாங்க."

"எத்தனை மணிக்கு?"

"பதினொண்ணு, பதினொண்ணேகால் இருக்கும். ஏன்?"

பதில் சொல்ல நிற்கவில்லை. ரெக்கவரி அறை. திரை போட்ட ஐந்து கட்டில்கள். நாலு காலி. மானிட்டர் ஒன்று மட்டும் ஒலித்துக்கொண்டிருந்தது. கடைசிக் கட்டிலில் அவள். இடது கை மடங்கிய நிலையில் துணித்தொட்டிலில், போர்வைக்கு அடியில். தலை வலது பக்கமாகத் திரும்பியிருந்தது.

"தோள்ல மரத்துப்போற ஊசி போட்டிருக்கு சார். இடது கை நாளைக்குத்தான் அசையும்" என்றாள் ரெக்கவரி நர்ஸ். "பயப்படாதீங்க. மயக்கம் இன்னும் முழுசாத் தெளியல."

கைக்குத்தானே ஊசி. காலுக்கு இல்லையே.

போர்வையின் கால்மாட்டை விலக்கினார். வலது காலைத் தொட்டார். இழுத்துக்கொண்டாள். இடது காலைத் தொட்டார். கிடந்தது. சாவியை எடுத்து இடது உள்ளங்காலில் கீறினார். பெருவிரல் மட்டும் மெல்ல, மிக மெல்ல, மேல் நோக்கி நிமிர்ந்தது. நல்ல காலில் அது கீழே மடங்கும், இடது காலில் மேலே நிமிர்ந்தால் மூளையின் வலது பாதி அடிபட்டிருக்கிறது என்று அர்த்தம்.

"ஸ்கேன்" என்றார். "ஸ்கேன். உடனே. பெரிய டாக்டரைக் கூப்பிடு."

"எதுக்கு சார்?"

"கூப்பிடுடி!"

நர்ஸ் ஓடினாள். திரை ஆடி நின்றது.

"வந்துட்டீங்களா?" என்றாள் மனைவி.

கண் திறந்திருந்தது. தெளிவான பேச்சு, வகுப்பில் பேசுகிற மாதிரி. ஆனால் பார்வை வலது பக்கச் சுவரை விட்டு நகரவில்லை. அவர் இடது பக்கம் நின்றிருந்தார். அவளுக்கு அந்தப் பக்கமே இல்லை போல.

"இங்க இருக்கேன். இந்தப் பக்கம். இங்க பாரு."

"கட்டில்ல என்கூட வேற யாரோ படுத்திருக்காங்க" என்றாள் சாதாரணமாக. "இடமே இல்ல. நகரச் சொல்லுங்க."

"யாரும் இல்லம்மா. நீதான் இருக்க."

"கை சில்லுனு இருக்கு. என் நெஞ்சு மேல போட்டிருக்காங்க."

வலது கையைப் போர்வைக்குள் விட்டுத் துழாவினாள். துணித்தொட்டிலுக்குள்ளிருந்து இடது கையின் மணிக்கட்டைப் பிடித்து, செத்த எலியைத் தூக்குவது போல, அருவருப்போடு வெளியே எடுத்தாள்.

"இது உன் கை."

"என் கை எனக்குத் தெரியாதா? இது ஆம்பளைக் கை." குரலில் சின்ன எரிச்சல், அவ்வளவுதான். "கீழ பெஞ்சுல ஒரு அம்மா உக்காந்திருக்காங்களே. அவங்க வீட்டுக்காரரோடது. பாவம், எவ்வளவு நாளா காத்துக்கிட்டிருக்காங்க. கொண்டுபோய்க் குடுத்துட்டு வாங்க."

அந்தப் பெஞ்சைப் பற்றி அவர் அவளிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அந்தப் பக்கம் அவளைக் கூட்டிப் போனதுமில்லை.

"இந்தாங்க" என்றாள். "பிடிங்க."

நீட்டினாள். அனிச்சையாக வாங்கினார். பனிக்கட்டி மாதிரிக் குளிர்ச்சி. கனம், அவள் கையைவிட இரண்டு மடங்கு கனம். உள்ளங்கையைத் திருப்பினார். விரல்களின் அடியில், வரிசையாக, தடித்த மஞ்சள் காய்ப்பு. ஸ்டியரிங்கை ஆண்டுக்கணக்காகப் பிடித்தால் வருகிற காய்ப்பு. சாக்பீஸ் பிடிப்பவளுக்கு வராது.

வெளியே ஓடிவரும் காலடிகள் கேட்டன. இன்னும் தூரத்தில்.

நாளை வரை அசையாது என்று சொன்ன அந்தக் கை, அவர் விரல்களை ஒவ்வொன்றாக மூடிப் பிடித்தது.